ஊர்க் காணியை உழுவிக்கப் போகிறீர்களா? கொழும்புக் குடும்பங்களுக்கு 20 குறிப்புகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்துகொண்டு ஊரில் காணி வைத்திருப்போர் பலர். கோப்பாயில் நாலு பரப்புத் தோட்டம், பரந்தனில் இரண்டு ஏக்கர் வயல், இல்லாவிட்டால் வன்னியில் நெடுங்காலம் கலப்பை படாத பேரனார் காணி. ஆவணி பிறந்ததும் ஊரிலிருந்து போன் வரும்: "அண்ணை, மெசின்காரர் நாளைக்கு வாறார். உழுவிக்கட்டோ?" இங்கிருந்தபடியே "ஓம், உழுவியுங்கோ" என்று சொல்லிக் காசை அனுப்பிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு நாளில் எடுக்கப்படும் நாலைந்து முடிவுகள் அந்தப் போகத்தின் விளைச்சலோடு நிற்பதில்லை; மண்ணைப் பல வருடங்களுக்குக் கெடுக்கவும் அவற்றால் முடியும். இரவு பஸ் ஏறிப்போய் உழவு நாளில் வரம்பில் நிற்க முடிந்தவர்கள் கட்டாயம் நில்லுங்கள். அப்போது கையில் இருக்க வேண்டிய குறிப்புகள் இவை.

1. கனகாலம் கிடந்த காணியென்றால் முதல் கேள்வி ஒன்றுதான்: கண்ணிவெடி அகற்றி முறைப்படி விடுவிக்கப்பட்ட இடமா? கிராம அலுவலரிடம் கேளுங்கள், பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். முகமாலை போன்ற பழைய முன்னரங்குப் பகுதிகளில் போர் முடிந்து 15 ஆண்டுகள் கழிந்த பின்னும் ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் வெடி அகற்றிக்கொண்டிருந்தன. பக்கத்துக் காணியில் உழுகிறார்கள் என்பதை வைத்து நம் காணியும் சரி என்று முடிவு செய்ய வேண்டாம். இனந்தெரியாத இரும்போ பிளாஸ்டிக்கோ கலப்பையில் கிளம்பி வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பி நடந்து வெளியேறி 119க்கு அறிவியுங்கள். அதைக் கையால் எடுத்து வரம்பில் வைக்கும் பழக்கம் உயிரைக் குடிக்கும்.

2. இயந்திரம் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் காணி முழுவதையும் நடந்து பாருங்கள். பற்றை மூடிய பாழ்கிணறு, மண்ணுக்குள் பாதி புதைந்த எல்லைக்கல், அறுந்து கிடக்கும் முள்ளுக்கம்பி, பழைய அத்திவாரம், கறையான் புற்று: ஒவ்வொன்றின் அருகிலும் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். கட்டு இல்லாத கிணற்றைச் சுற்றிக் குறைந்தது பத்தடி விட்டே உழ வேண்டும். பாரத்தோடு சில்லு விளிம்புக்கு வந்தால் மண் சரியும்.

3. எல்லைக்கல்லையும் வரம்பையும் உழவுக்கு முன்னும் பின்னும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு போகமும் கலப்பை ஒரு சாண் ஒரு சாணாக வரம்பைத் தின்றால், பத்து வருடத்தில் அயலவருடன் வழக்கு நிற்கும். இருவரையும் வரம்பில் நிற்கவைத்து உழுவித்தால் அந்த வழக்குக்கே இடமில்லை.

4. கூலி பேசும்போது பரப்புக் கணக்கைத் தெளிவாக்குங்கள். யாழ்ப்பாணத்தில் வரகுப் பரப்பு பதினாறு ஒரு ஏக்கர். அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். பழைய உறுதிகளில் நெற்பரப்பு என்று எழுதியிருந்தால் இருபத்துநாலு பரப்புத்தான் ஒரு ஏக்கர். உறுதியில் "24 பரப்பு" என்று இருப்பதைப் பார்த்து ஒன்றரை ஏக்கருக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். எந்தக் கணக்கு, மணித்தியாலத்துக்கா ஏக்கருக்கா, டீசல் யாருடையது, மறு உழவும் சேர்த்தா, மூலை கொத்த ஆள் யார் என்ற ஐந்தையும் எஞ்சின் ஓடத் தொடங்குமுன் பேசி முடியுங்கள்.

5. எந்த இயந்திரம் என்பதைக் காணியின் படலையும் ஒழுங்கையுமே பாதி தீர்மானிக்கும். ரொட்டவேட்டர் பூட்டிய நான்கு சில்லு இயந்திரத்துக்கு ஆறேழு அடி வழியாவது வேண்டும். ஒன்றரைத் தொன்னுக்கு மேல் பாரமும் இருக்கும். 8 முதல் 12 குதிரைவலு வரையான ஒற்றைச் சிலிண்டர் டீசல் பூட்டிய இரு சில்லு லாண்ட்மாஸ்டர் எந்த ஒழுங்கையாலும் போகும். ஒரு ஓட்டத்தில் ஏறக்குறைய இரண்டடி அகலம் கிண்டும். அரை ஏக்கருக்கு உட்பட்ட செம்மண் தோட்டம், வாழைக்கும் மிளகாய்க்கும் இடையில் ஒடுங்கிய நிலம், ஈரச்சேறு ஆகியவற்றுக்கு இதுவே பொருத்தம். இறுகிக் கிடக்கும் வன்னிக் காணிக்கும் ஏக்கர்கணக்கான வயலுக்கும் மெசி போன்ற நான்கு சில்லுதான் சரி. சின்ன இயந்திரத்தை இறுகிய தரையில் விட்டு வருத்தினால் மண்ணும் கிளராது, பெல்ட்டும் மிஞ்சாது.

6. மண்ணின் ஈரம் பார்க்காமல் கலப்பை இறக்க விடாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். காணியில் மூன்று நாலு இடத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, அடியிலுள்ள மண்ணை ஒரு பிடி எடுங்கள். மேல்மண் எதையும் சொல்லாது. வெயிலில் அது ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். எடுத்த மண்ணை இறுக்கிப் பிடித்து உருண்டையாக்கி, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். உருண்டையே பிடிபடாமல் பொலபொலத்தால் ஈரம் போதாது: உழவில் பாளம் பாளமாகக் கிளம்பும், இல்லையேல் புழுதி பறக்கும். விழுந்து நாலைந்து துண்டாக உடைந்தால் அன்றே உழலாம். தட்டையாகச் சப்பிக்கொண்டாலோ, பெருவிரலால் தேய்க்கும்போது பூசினது போலப் பளபளத்தாலோ இன்னும் ஓரிரு நாள் பொறுங்கள். அந்த ஈரத்தில் தோட்டக்காணியை உழுதால் சில்லு போன தடமெல்லாம் காய்ந்து கல்லாகும்.

மண்ணுக்கு மண் பொறுமை வேறு. உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் மழை விட்ட மறுநாளே உழவுக்கு வந்துவிடும். வன்னியின் செங்கபில மண்ணில் ஈரமும் இறுக்கமும் சரியாக நிற்பது சில நாள்தான்; தவறினால் கலப்பை மேலால் வழுக்கும். மன்னார் முருங்கன் பக்கத்துக் கருங்களி கோடையில் வெடித்துப் பிளக்கும், மழையில் சில்லில் அப்பிக்கொண்டு இயந்திரத்தையே பிடித்துவைக்கும். அங்கே நாளைத் தெரிவு செய்வதை அந்த ஊர்க் கமக்காரரிடமே விடுங்கள்.

சேற்று விதைப்புக்கு உழும் வயல் இதற்கு விலக்கு. அங்கே தண்ணீர் கட்டிச் சேறடிப்பதே நோக்கம். அதற்கு ரயரைக் கழற்றி இரும்புச் சில்லு பூட்டச் சொல்லுங்கள்.

7. கொழும்பு லீவுக்கு ஏற்ப உழவு நாளை வைக்காதீர்கள். மழைக்கு ஏற்ப லீவை எடுங்கள். காலபோகத்துக்குப் புழுதி விதைப்புச் செய்யும் மானாவாரி வயல்களில் ஆவணி, புரட்டாசியில் முதல் உழவு முடிந்திருக்க வேண்டும். ஐப்பசி அடைமழை தொடங்கிய பின் இயந்திரத்துக்கு ஊர் முழுவதும் வரிசை. முறை வரும்போது வயல் குளமாகியிருக்கும். அறுவடை முடிந்த கையோடு சித்திரைச் சிறுமாரியில் ஓர் உழவு போட்டுவைத்தால் ஆவணி உழவு இலகுவாகும்.

8. முதல் உழவு கொத்துக் கலப்பையாலோ சட்டிக் கலப்பையாலோ நடக்கட்டும். ஆழம் 15 முதல் 20 சென்ரிமீற்றர். உழுத சாலுக்குள் கையை விட்டு அளந்து பாருங்கள்: விரித்த கையின் ஒரு சாண் மட்டுக்கும் இருந்தால் சரி. முதல் இரண்டு சாலிலேயே அளக்க வேண்டும், உழுது முடிந்த பின் கேட்டுப் பயனில்லை. செம்மண் பகுதியில் சில இடங்களில் சுண்ணக்கல் மேலேயே தட்டும். அங்கே ஆழம் கேட்டு அடம்பிடித்தால் கலப்பை முனைதான் உடையும்.

9. "ரொட்டவேட்டர் ஒருக்கா போட்டால் போதும் அண்ணை, மா மாதிரி வரும்" என்பார்கள். வேகமாக முடியும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் வருடாவருடம் அதையே போட்டால் கத்தி எட்டும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகித் தட்டுப்பிடிக்கும். மேலே மாவாகிய மண்ணோ முதல் பெருமழையில் ஆடை படிந்து முளையை வெளியே விடாது. தோட்டக்காணியில் இதைச் சோதிக்க, ஈரமான நாளில் விரல் பருமன் இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். இலகுவாக இறங்கி வந்து, ஒரே ஆழத்தில் எல்லா இடத்திலும் சட்டென்று நின்றால் தட்டு இருக்கிறது. சில வருடத்துக்கு ஒருமுறை, மண் ஓரளவு காய்ந்திருக்கும்போது, கொத்துக் கலப்பையை அந்தத் தட்டுக்குக் கீழே இறக்கி உடைக்க வேண்டும். நீர் நிற்க வேண்டிய நெல்வயலில் மட்டும் அந்தத் தட்டை உடைக்க வேண்டாம். தண்ணீரைத் தாங்குவதே அதுதான்.

லாண்ட்மாஸ்டரை 1950களில் வடிவமைத்தவர் கொழும்பில் பிறந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் அது தயாராகிப் பல நாடுகளுக்குப் போனது. பிற்காலத்தில் அவரே, வெப்ப நாடுகளின் மண்ணை இவ்வளவு புரட்டத்தான் வேண்டுமா என்று கேள்வி எழுப்பி, நைஜீரியாவின் இபாடான் ஆய்வு நிலையத்தில் உழவைக் குறைத்துப் பயிரிடும் முறைகளில் உழைத்தார். இயந்திரத்தைத் தந்தவரே இப்படி யோசித்திருக்கும்போது, "இன்னொருக்கா அடிச்சு விடுங்கோ தம்பி" என்று சொல்லுமுன் நாமும் சற்று யோசிக்கலாம்.

10. முதல் உழவுக்கும் மறு உழவுக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு நாளாவது விடுங்கள். கிளம்பிய களை முளைத்து, மறு உழவில் அழியும்; புரண்ட பச்சையும் உக்கும். கொழும்பிலிருந்து போனவர்கள் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கக் கேட்பது வழக்கம். இரண்டாவது உழவை ஊரிலுள்ள தம்பி முறையானவரிடமோ மச்சானிடமோ ஒப்படைத்து வரலாம். ஆழம் குறைவு என்பதால் அதில் பிழை நேரவும் இடம் குறைவு.

11. கோரை மண்டிய காணியில் ஈரத்தில் ரொட்டவேட்டர் போடவே கூடாது. ஒவ்வொரு கிழங்கும் துண்டாகிக் காணி முழுவதும் பரவும். கடும் கோடையில் கொத்துக் கலப்பையால் கிளறிக் கிழங்கை வெயிலில் காயவிட்டு, வாரி எடுத்துக் கொளுத்துங்கள்.

12. பார்த்தீனியம் பூக்குமுன் உழ வேண்டும். பூத்த பின் உழுதால் விதைத்ததற்குச் சமம். இந்தச் செடி ஊரூராய்ப் பரவுவதில் இயந்திரங்களில் ஒட்டிவரும் மண்ணுக்கும் பங்குண்டு. எனவே வேறு காணியிலிருந்து நேரே வரும் கலப்பையையும் சில்லையும் உங்கள் படலைக்கு வெளியே கழுவிவிட்டே உள்ளே விடுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் கால் மணி நேரமும் போதும். செடியைக் கையால் பிடுங்குவதென்றால் கையுறை அவசியம். தோல் தடித்துச் சொறியும்.

13. நீளப்பக்கமாகவே உழச் சொல்லுங்கள். திருப்பங்கள் குறையும், டீசல் மிஞ்சும். இரு முனையிலும் திரும்ப இடம் விட்டு, அந்தத் தலைப்பகுதியைக் கடைசியில் குறுக்காக உழலாம். இயந்திரம் எட்டாத மூலைகளை அன்றைக்கே மண்வெட்டியால் கொத்துவியுங்கள். பனையோரத்தில் வேரறுக்கும்படி நெருங்க வேண்டாம். எல்லைப் பனை நின்றால்தான் எல்லையும் நிற்கும்.

14. ஹாண்டில் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் எஞ்சினில் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டாம். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் ஹாண்டில் திரும்பும் வேகத்தில் பெருவிரல் முறியும். இடக்கையால் டீகொம்ப்ரஷன் லீவரை அழுத்தியபடி வலக்கையால் வேகம் எடுத்து, வேகம் வந்ததும் லீவரை விட வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இளம்பிள்ளைகள் "நானும் ஒருக்கா சுத்திப் பார்க்கட்டோ மாமா" என்று கேட்டால் இதைக் காட்டிக்கொடுத்த பிறகே விடுங்கள்.

15. லாண்ட்மாஸ்டரைச் சமதரையில் திருப்புவதும் இறக்கத்தில் திருப்புவதும் ஒன்றல்ல. கைப்பிடியின் கீழ் இரண்டு திருப்பு லீவர்கள் உண்டு. சமதரையில் இடது லீவரைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில், முக்கியமாகப் பெட்டி பூட்டி மதகுச் சரிவில் இறங்கும்போது, இடது லீவரைப் பிடித்தால் அந்தச் சில்லு எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு முந்தி ஓடும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். பழகாதவர் பதறி இன்னும் இறுக்கிப் பிடிப்பார், நேரே வாய்க்காலுக்குள் போவார். இறக்கத்தில் லீவரைத் தொடாமல், சிறு கியரில், கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள்.

16. சாரம், துப்பட்டா, தொங்கும் சால்வை எதுவும் ஓடும் இயந்திரத்தின் அருகில் வேண்டாம். நான்கு சில்லில் ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.ரி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றும்; துணி நுனி பிடிபட்டால் கத்துவதற்குக்கூட நேரம் கிடைக்காது. தண்டின் மேலுறை இல்லாத இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினாலும் பிழையில்லை. லாண்ட்மாஸ்டரில் ரொட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருக்கையில் பின்கியர் போடவே கூடாது, கத்தி ஓட்டுபவரின் காலை நோக்கித்தான் வரும். கத்தியில் கொடி சுற்றினால் எஞ்சினை நிறுத்தியபின் அறுங்கள். பிள்ளைகளை மட்காட்டில் ஏற்றிப் படம் எடுக்கும் ஆசையை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

17. வரம்பைச் சரிவாக அல்ல, நேர்குத்தாகக் கடக்க வேண்டும். உயரமான வரம்பென்றால் வெட்டித் தாழ்த்திவிட்டுக் கடந்து, பிறகு கட்டிவிடலாம். புதைந்த நான்கு சில்லை இழுக்கும்போது சங்கிலியைக் கீழுள்ள இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். மேலே மாட்டினால் இழுக்கும் இயந்திரத்தின் முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர் மேலேயே கவிழும்.

18. சொந்த இயந்திரம் வைத்திருப்போருக்குக் கொழும்பில் இருப்பது ஒரு வசதி. பெல்ட், பெயாரிங், ஒயில் சீல், இன்ஜெக்டர் நொசில் பஞ்சிகாவத்தையிலும், ஆணி, நட்டு, சங்கிலி, கிரீஸ் துப்பாக்கி கொட்டாஞ்சேனைக்குக் கிட்டவுள்ள பழைய சோனகத் தெருவிலும் தேடலாம். "லாண்ட்மாஸ்டருக்குப் பெயாரிங்" என்று கேட்டால் கடைக்காரர் எதைத் தருவார்? குபோட்டாவுக்கும் சிஃபெங்குக்கும் வேறு வேறு. பழைய பெயாரிங்கின் விளிம்பைத் துடைத்தால் பொறித்த எண் தெரியும். பெல்ட்டின் முதுகில் எழுத்தும் நீளமும் அச்சாகியிருக்கும். அவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெல்ட்டுகளில் ஒன்று போனாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் தளர்ந்ததும் சேர்ந்தால் முழுப் பாரமும் புதியதில் விழும். வாங்கியதை வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் இரவு பஸ்ஸில் போட்டால் விடிய யாழ்ப்பாணத்தில் இருக்கும். கூடவே பெட்டியின் பின்பக்கத்துக்கு ஒளிதெறிக்கும் ஸ்டிக்கரும் அனுப்புங்கள். இருட்டில் லைட் இல்லாத பெட்டியோடு ஏ9 வீதியில் ஏறுவது பிறர் உயிருக்கும் ஆபத்து. வீதியில் ஓட்ட லாண்ட்மாஸ்டருக்கு ஜி1, நான்கு சில்லுக்கு ஜி வகை அனுமதி வேண்டும். உங்கள் கார் லைசன்ஸில் அந்த வகை இருக்கிறதா என்று பாருங்கள்.

19. சேற்றில் இறங்குவோர் எலிக்காய்ச்சலை மறக்க வேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்தது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். போவதற்கு முன் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால், டொக்சிசைக்கிளின் தடுப்பு மாத்திரை யாருக்கு, எவ்வளவு என்று வழிகாட்டுவார்கள். கொழும்பு திரும்பி ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் தசைநோவும் வந்தால் வைத்தியரிடம் முதலில் "வயல் சேற்றில் நின்றேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கொழும்பில் காய்ச்சலென்றதும் டெங்குவைத்தான் நினைப்பார்கள்; நாள் போய்விடும்.

20. உழவு முடிந்த அன்றே மண் கழுவி, கத்திகளுக்கும் கலப்பைக்கும் பழைய ஒயில் பூசி வையுங்கள். உப்புக்காற்று வீசும் ஊரில் ஒரு வாரத்தில் கறள் பிடித்துவிடும். நீண்ட நாள் நிறுத்துவதானால் டீசல் டாங்கியை நிரப்பியே நிறுத்துங்கள், வெறுமையாக விட்டால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும். பெல்ட்டைத் தளர்த்தி, ரயர் நிலத்தில் படாமல் கல்லில் தூக்கிவைத்து, நான்கு சில்லென்றால் பற்றரி வயரையும் கழற்றிவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடட்டும், ஆனால் கொட்டில் கதவு திறந்திருக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் ஊற்றும் எஞ்சினென்றால் சிவப்பு மிதவை மேலே நிற்கிறதா என்று பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இறங்கியிருந்தால் தண்ணீர் போதாது. ஏற்கனவே ஓடிக் கொதித்த எஞ்சினாக இருந்தால் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும்.